கேரவனில் கூடுதலாக ஒரு 12 வோல்ட் சாக்கெட்: மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், உள்ளே தங்கும் வசதியுள்ள கேரவன்களில் தயாரிப்பாளர் வைத்துக்கொடுக்கும் 12 வோல்ட் சாக்கெட்டுகள் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அவையும் தொலைக்காட்சி வைக்கும் மூலையிலோ சமையல் மேடைக்கு அருகிலோ இருக்கும். இரவில் கைப்பேசியைச் சார்ஜ் செய்யப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று வேண்டும், மடிக்கணினிக்கு மேசையோரம் ஒன்று வேண்டும், குளிர்பெட்டிக்கு வாசலருகே ஒன்று வேண்டும் என்ற எண்ணம் இரண்டாவது பயணத்திலேயே எல்லோருக்கும் வந்துவிடுகிறது. அப்படி ஒன்றைப் பொருத்த முனைபவர்கள் முதலில் யோசிப்பது சாக்கெட் எங்கே வர வேண்டும், எந்த வகையாக இருக்க வேண்டும் என்பதைத்தான். நான் அதற்கு முன்னால் வைக்க விரும்பும் கேள்வி, அந்தச் சாக்கெட் தன் மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கப்போகிறது என்பது. அதற்கான விடையைப் பொறுத்தே அது பல ஆண்டுகள் உழைக்குமா, ஒரு கோடைக்குள் கருகிப்போகுமா என்பது அமைகிறது.

இதில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பேச்சு வழக்கில் 12 வோல்ட்டைக் குறைந்த மின்னழுத்தம் என்கிறோம். மின்பொறியியல் தரநிலைகளிலோ குறைந்த மின்னழுத்தம் என்னும் சொல் 1000 வோல்ட் வரையிலான மாறுமின்னோட்டத்தையே குறிக்கிறது; வீட்டு மின்சாரமும் அதற்குள் அடங்கும். கேரவனின் 12 வோல்ட் அமைப்பு அதற்கும் கீழே உள்ள மிகக் குறைந்த மின்னழுத்தம் என்ற பிரிவைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் இதற்கெனவே இஎன் 1648-1 என்ற தரநிலை இருக்கிறது. 12 வோல்ட் ஆளை அதிரவைக்காது என்பது உண்மை. ஆனால் தீப்பிடிக்க வைக்காது என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. 100 ஆம்பியர்-மணி திறனுள்ள ஓர் ஈய-அமில பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகள் தவறுதலாக இணைந்துவிட்டால் பல நூறு ஆம்பியர் பாயும். இடையில் இருக்கும் மெல்லிய கம்பி நொடிகளில் சிவந்துவிடும். கேரவனின் உட்சுவரோ மெல்லிய ஒட்டுப்பலகையாலும் நுரைப் பலகையாலும் ஆனது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், சாக்கெட்டில் எதைச் செருகப்போகிறோம் என்ற கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். கைப்பேசி 10 முதல் 20 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியருக்கும் குறைவு. 65 வாட் சார்ஜர் கேட்கும் மடிக்கணினி, சார்ஜருக்குள் மின்னழுத்தத்தை மாற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும். கம்ப்ரசர் வைத்த சிறிய குளிர்பெட்டி ஓடும் நேரத்தில் 4 அல்லது 5 ஆம்பியர் எடுத்து, குளிர்ந்ததும் ஓய்ந்துவிடும். கம்ப்ரசர் இல்லாத மலிவான வகை அதே அளவை ஓயாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். டயருக்குக் காற்று அடிக்கும் சிறு பம்ப் 10 ஆம்பியருக்கு மேல் போகலாம். 150 வாட் இன்வெர்ட்டரை முழுச் சுமையில் ஓட்டினால் 14 ஆம்பியர் வரை ஆகும். இந்தப் பட்டியலில் உங்கள் பொருள் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், கீழே வரும் வழிகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

எதையும் வெட்டாமல், எந்தத் துளையும் போடாமல் சமாளிக்கும் வழியை முதலில் பார்த்துவிடலாம். ஏற்கெனவே உள்ள சாக்கெட்டில் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும் கிளைச் செருகியைப் போட்டு, நீண்ட வயரால் படுக்கை வரை கொண்டுபோகலாம். கைப்பேசிக்கு மட்டும் என்றால் இதில் குறையில்லை. ஆனால் கிளைகள் எத்தனை இருந்தாலும் பின்னால் இருக்கும் கம்பியும் பியூஸும் ஒன்றுதான் என்பதை மறந்து குளிர்பெட்டியையும் மடிக்கணினியையும் ஒன்றாகச் செருகுபவர்களே அதிகம். இன்னொரு வழி, தனியாக எடுத்துச் செல்லக்கூடிய மின்சேமிப்புப் பெட்டி. 500 வாட்-மணி கொள்ளும் ஒரு பெட்டி, 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியிலிருந்து அதைக் கெடுக்காமல் எடுக்கக்கூடிய பாதியளவுக்கு, அதாவது 600 வாட்-மணிக்கு, கிட்டத்தட்ட சமம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வெளியே போகிறவர்களுக்கும், வாடகைக் கேரவனில் போகிறவர்களுக்கும், உத்தரவாதக் காலத்தில் சுவரைத் தொடத் தயங்குபவர்களுக்கும் இதுவே சரியான விடை என்று தயங்காமல் சொல்வேன். அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கு மட்டும் இது இன்னொரு பாரம், தினமும் சார்ஜ் செய்ய வேண்டிய இன்னொரு பொருள்.

கம்பி இழுப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. அவற்றில் மிகவும் கவர்ச்சியானது, பக்கத்தில் உள்ள விளக்கின் கம்பியிலிருந்தே கிளை எடுப்பது. படுக்கைக்கு மேல் ஏற்கெனவே ஒரு வாசிப்பு விளக்கு இருக்கிறது, அதற்கு 12 வோல்ட் வருகிறது, அரை மணி நேர வேலை. நானும் முதலில் இதைத்தான் செய்தேன். கைப்பேசிக்கு நன்றாக உழைத்தது. மடிக்கணினியைச் செருகிய அன்று, திரையின் ஒளி கூடும்போதெல்லாம் சார்ஜர் துண்டித்துத் துண்டித்துச் சேர்ந்தது. காரணம் கம்பியின் மெல்லிசு. விளக்குக்கான கம்பி விளக்குக்குப் போதுமான அளவில்தான் இருக்கும்.

அந்தக் கணக்கை ஒருமுறை எண்களில் போட்டுப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் இந்த ஒப்பீடு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியின் ஒரு மீட்டருக்கு 0.0175 ஓம் மின்தடை. பேட்டரியிலிருந்து படுக்கை 5 மீட்டர் என்றால், போகவும் வரவும் சேர்த்துக் கம்பியின் நீளம் 10 மீட்டர், மின்தடை 0.175 ஓம். அதில் 6 ஆம்பியர் ஓடினால் 1.05 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். வீட்டின் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். 12 வோல்ட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. பாதி தீர்ந்த ஈய-அமில பேட்டரி 12.2 வோல்ட் அளவில் நிற்கும்போது சாக்கெட்டுக்கு வந்து சேர்வது 11.15 வோல்ட்தான், செருகியின் தொடர்பில் போவது தனி. குளிர்பெட்டிகளில் மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் தாமாகவே அணைந்துவிடும் காப்பு இருப்பதால், பேட்டரியில் பாதி மிச்சமிருக்கும்போதே பெட்டி நின்றுவிடும். பழி பேட்டரிமேல் விழும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.42 வோல்ட், 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.26 வோல்ட். 12 வோல்ட்டில் 3 விழுக்காடு, அதாவது 0.36 வோல்ட்டுக்கு மேல் இழக்காமல் இருப்பது நல்ல இலக்கு என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டரே பொருந்துகிறது. தூரம் குறைந்தால் 2.5 போதும்.

விளக்குக் கம்பியிலிருந்து கிளை எடுப்பதற்கு நியாயமான ஓர் இடமும் உண்டு. பழைய கேரவன் ஒன்றில் 10 வாட் ஹாலஜன் விளக்குகள் ஐந்து ஒரே சுற்றில் இருந்து, அவை எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றியிருந்தால், அந்தச் சுற்றின் சுமை ஏறத்தாழ 4 ஆம்பியரிலிருந்து 1 ஆம்பியருக்கும் கீழே வந்திருக்கும். மிச்சமான அந்த 3 ஆம்பியரில் ஒரு யுஎஸ்பி சாக்கெட் வைப்பதில் தவறில்லை. அப்படிச் செய்பவர்கள் இணைப்பு விளக்கின் சுவிட்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் இருந்தால் விளக்கை அணைத்தவுடன் சார்ஜும் நின்றுவிடும். கம்பியின் நிறத்தை வைத்துப் பிளஸ், மைனஸ் முடிவு செய்யக் கூடாது, தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அது மாறும். மல்டிமீட்டரால் அளந்தே தெரிந்துகொள்ள வேண்டும். கம்பியின் உறையைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். அவை இழைகளை அறுக்கின்றன, பயண அதிர்வில் தளர்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய சாக்கெட் அடிக்கடி பியூஸை எரிக்கிறது என்பதற்காக 10 ஆம்பியர் சிவப்பு பியூஸை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் மஞ்சள் பியூஸைச் செருகும் செயலை யாரும் செய்யக் கூடாது. பியூஸ் காப்பது கருவியை அல்ல, சுவருக்குள் ஓடும் கம்பியை. கம்பி மாறாமல் பியூஸ் மட்டும் பெரிதானால், அடுத்து உருகப்போவது கம்பிதான்.

இரண்டாவது வழி, கேரவனின் 12 வோல்ட் பியூஸ் பெட்டியில் காலியாக உள்ள ஓர் இடத்திலிருந்து புதிய சாக்கெட்டுக்கென்றே தனிக் கம்பி இழுப்பது. பல கேரவன்களில் இப்படி ஒன்றிரண்டு இடங்கள் பயன்படாமல் இருக்கும். இதில் வேலை அதிகம். பியூஸ் பெட்டியிலிருந்து சாக்கெட் வரை அலமாரிகளுக்குப் பின்னால், இருக்கைப் பெட்டிகளுக்குள் கம்பியைக் கொண்டுபோக வேண்டும். ஆனால் கிடைக்கும் நன்மைகள் அந்த உழைப்புக்குத் தகும். கம்பியின் தடிமனை நாமே தேர்கிறோம். அதற்கேற்ற பியூஸை நாமே வைக்கிறோம். இந்தச் சாக்கெட்டில் ஏதாவது கோளாறு வந்தால் விளக்கும் தண்ணீர் பம்பும் அணையாமல் இது மட்டும் நிற்கும். கட்டுப்பாட்டுப் பலகையின் பிரதான சுவிட்சை அணைத்தால் இதுவும் சேர்ந்து அணைவது எனக்கு மிகவும் பிடித்த குணம். யுஎஸ்பி சாக்கெட்டுகள் எதுவும் செருகாதபோதும் சில மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருக்கும். 10 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் மாதத்துக்கு 7.2 ஆம்பியர்-மணி. கேரவன் குளிர்காலம் முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டால் அந்தச் சிறு கசிவே ஓர் ஈய-அமில பேட்டரியைத் தீர்த்து, தகடுகளில் சல்பேட் படியவைத்து, பயனற்றதாக்கிவிடப் போதும்.

இந்த வழிக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. பல ஐரோப்பியக் கேரவன்களில், இழுக்கும் காரின் எஞ்சின் ஓடும்போது வசிப்பிடத்தின் 12 வோல்ட் சுற்றுகளை ஒரு ரிலே, அதாவது தானாக இயங்கும் மின்சுவிட்ச், துண்டித்துவிடும். கேரவனோடு பொருத்தி வரும் குளிர்சாதனப் பெட்டிக்கு மட்டும் காரிலிருந்து மின்சாரம் வரும். ஆகவே பியூஸ் பெட்டி வழியாக வரும் சாக்கெட்டில் குளிர்பெட்டியைச் செருகிவிட்டு நான்கு மணி நேரம் ஓட்டினால், போய்ச் சேரும்போது அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அப்படியானால் குளிர்சாதனப் பெட்டியின் அந்தக் கம்பியிலிருந்தே எடுத்துவிடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. அந்தப் பெட்டி வெப்பத்தைக் கொண்டே குளிர்விக்கும் வகை, அதன் சூடேற்றும் பாகம் 12 வோல்ட்டில் தானே 10 ஆம்பியருக்கு மேல் கேட்கக்கூடியது; அதை அதன் போக்கில் விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாவது வழி பேட்டரியிலிருந்து நேரடியாக எடுப்பது. 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் பொருளுக்கும், ஓட்டும்போதும் ஓட வேண்டிய குளிர்பெட்டிக்கும் இதுவே ஏற்றது. கம்பி தடிமனாக இருக்கலாம், வழியில் பலகையோ ரிலேயோ இல்லை, இழப்பு குறைவு. ஆனால் இதில் தவறு செய்தால் விளைவும் பெரிது. பியூஸ் பேட்டரியின் பிளஸ் முனைக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். சாக்கெட்டுக்குப் பின்னால் பியூஸ் வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அங்கே வரும் 5 மீட்டர் கம்பியைக் காப்பின்றி விடுவது, வீட்டுக்குப் பூட்டை உள்ளறையில் போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைப்பது போன்றது. பிரதான சுவிட்ச் இந்தச் சாக்கெட்டை அணைக்காது என்பதால், தனியாக ஒரு சுவிட்சும் வேண்டும்; இல்லையென்றால் மேலே சொன்ன மாதக் கசிவு யார் கண்ணிலும் படாமல் நடந்துகொண்டிருக்கும். பேட்டரியின் இருப்பைக் காட்டும் மீட்டர் ஷன்ட் முறையில் (மைனஸ் கம்பியில் வைத்த ஒரு சிறு மின்தடை வழியாக மின்னோட்டத்தை அளக்கும் முறை) பொருத்தப்பட்டிருந்தால், புதிய சாக்கெட்டின் மைனஸ் கம்பியைப் பேட்டரி முனையில் முடியாமல் ஷன்ட்டின் மறுபக்கத்தில், சுமைகள் சேரும் முனையில் இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் அந்த மின்னோட்டம் கணக்கில் வராது. மீட்டர் 80 விழுக்காடு காட்டிக்கொண்டிருக்க பேட்டரி காலியாகும். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு அதன் பெரும்பகுதி இருப்புவரை மின்னழுத்தம் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்பதால் கம்பி இழப்பின் தொல்லை சற்றுக் குறைவு. பியூஸின் தேவை மட்டும் சிறிதும் குறையாது.

கேரவனுக்குள் இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஆக்கி, அதில் சார்ஜரைச் செருகி, சார்ஜர் அதைத் திரும்ப 20 வோல்ட் ஆக்குவது நான்காவது வழியாகச் சொல்லப்படுவதுண்டு. இரு முறை மாற்றும்போது இரு முறை இழக்கிறோம் என்பதால் அதை நான் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

மின்சாரம் வரும் வழி தீர்மானமான பிறகு சாக்கெட்டின் வகைக்கு வரலாம். எல்லோருக்கும் பழக்கமான, 21 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டச் சாக்கெட் சிகரெட் பற்றவைப்பதற்காகப் பிறந்தது. சில நொடிகள் செருகி எடுத்துவிடும் பொருளுக்காகச் செய்யப்பட்ட வடிவம் அது. செருகியை உள்ளே பிடித்து வைப்பது பக்கத்தில் உள்ள இரண்டு தகடுகளின் அழுத்தம் மட்டுமே. முனையில் உள்ள சுருள்வில்லோ அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதிர்வில் அது தளரும். தளர்ந்த தொடர்பு சூடாகும். தொடர்பின் மின்தடை 0.1 ஓம் ஆகிவிட்டால், 10 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் 10 வாட் வெப்பம் பிறக்கிறது. உருகிய செருகிகளை நான் பார்த்தது எல்லாம் இந்த வகையில்தான். ஆனால் பெரும்பாலான பொருட்கள் இந்தச் செருகியோடுதான் வருகின்றன என்பதால் இதை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது; 5 ஆம்பியருக்குள் வைத்துக்கொண்டால் அமைதியாக உழைக்கும்.

ஐஎஸ்ஓ 4165 தரநிலையின்படி வரும் சிறிய வட்டச் சாக்கெட் இதைவிடக் குறுகலானது. மோட்டார் சைக்கிள்களில் பார்த்திருப்பீர்கள். செருகியை இறுகப் பிடித்துக்கொள்ளும். நிலையாக ஓரிடத்தில் ஓடும் குளிர்பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் செருகியை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தால் இதையே வைக்கச் சொல்வேன். 15 ஆம்பியரைத் தாண்டும் தேவைக்கு ஆண்டர்சன் எனப்படும், பெரிய மின்னோட்டத்துக்கான இணைப்பான் இருக்கிறது. 50 ஆம்பியர் வகை பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் இந்தப் பட்டியலில் மிகவும் நம்பகமானது அதுதான். படுக்கையருகே கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் என்றால் யுஎஸ்பி-சி சாக்கெட்டே போதும். பவர் டெலிவரி வசதியுள்ளது 5 வோல்ட்டிலிருந்து 20 வோல்ட் வரை கருவி கேட்பதைக் கொடுக்கும். 20 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்றால் 60 வாட், அதற்குத் தகுந்த கேபிளோடு 5 ஆம்பியர் என்றால் 100 வாட். 100 வாட் சாக்கெட் வாங்குபவர், அது 12 வோல்ட் பக்கத்தில் 9 ஆம்பியர் கேட்கும் என்பதை நினைவில் வைத்துக் கம்பியைத் தேர வேண்டும். சிறிய சாக்கெட்தானே என்று விளக்குக் கம்பியில் இணைத்தால் மேலே சொன்ன கதைதான். எந்த வகையானாலும், வீட்டு மின்சாரச் செருகி தவறுதலாக நுழையக்கூடிய வடிவத்தை 12 வோல்ட்டுக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

காரில் மின்வேலை பழகியவர்கள் கேரவனில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. காரில் மைனஸுக்கு இரும்பு உடலே திரும்பு வழியாக இருக்கிறது. அருகில் உள்ள ஒரு திருகில் இணைத்தால் போதும். கேரவனின் உடல் மெல்லிய அலுமினியத் தகடு அல்லது நாரிழைப் பிளாஸ்டிக், நடுவில் நுரை, உள்ளே ஒட்டுப்பலகை. அங்கே மைனஸுக்கும் தனிக் கம்பி முழுத் தூரமும் போக வேண்டும். பிளஸுக்கு என்ன தடிமனோ அதே தடிமனில்.

அந்த நுரை இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியமானது. பாலிஸ்டைரீன் நுரையை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் பிவிசி உறையிலிருந்து அதை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருள் மெல்ல வெளியேறி நுரைக்குள் போகும். ஆண்டுகள் செல்லச்செல்ல உறை இறுகி வெடிக்கும், நுரையும் கரைந்துபோகும். எனவே சுவருக்குள் கம்பியைத் திணிக்காமல், அலமாரிகளின் உட்புறத்தில் குழாய்க்குள்ளோ மூடியுள்ள பிளாஸ்டிக் பாதையிலோ கொண்டுபோவது மேல். சாக்கெட்டையும் வெளிச்சுவரில் பதிக்காமல், பின்னால் இடமுள்ள அலமாரிப் பலகையிலோ படுக்கைப் பெட்டியின் பக்கவாட்டிலோ வைக்கலாம். வட்டச் சாக்கெட்டுக்குச் சுமார் 29 மில்லிமீட்டர் துளை போதும், தவறிப்போனாலும் பலகையை மாற்றிக்கொள்ளலாம். துளை போடும் முன் பின்பக்கம் எரிவாயுக் குழாய் ஓடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எரிவாயு உருளை வைக்கும் அறை வழியாகக் கம்பி போகக் கூடாது. அங்கே சாக்கெட்டும் கூடாது. 230 வோல்ட் கம்பிகளோடு ஒரே குழாயில் 12 வோல்ட் கம்பியைச் சேர்க்கவும் கூடாது. உலோகத்தையோ பலகையையோ துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் வேண்டும். ஈயத்தால் பற்றவைத்த முனைகளைவிட, சரியான கருவியால் நசுக்கிய கிரிம்ப் முனைகளே கேரவனுக்கு ஏற்றவை. ஈயம் ஊறி விறைத்த இழைகள், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வால் ஒடிந்துவிடும்.

இவற்றையெல்லாம் வைத்து நான் தேர்வது இது. பயணம் குறைவானவர்களுக்கு மின்சேமிப்புப் பெட்டி. கைப்பேசி மட்டும் போதும், விளக்குகள் எல்லாம் எல்இடி என்றால் விளக்குச் சுற்றிலிருந்து ஒரு சிறிய யுஎஸ்பி சாக்கெட். மடிக்கணினியோ, நிறுத்திய இடத்தில் ஓடும் குளிர்பெட்டியோ இருந்தால் பியூஸ் பெட்டியிலிருந்து தனிக் கம்பி, 4 சதுர மில்லிமீட்டர், 10 ஆம்பியர் பியூஸ். இன்றைய தேவைக்கு 2.5 போதும் என்று கணக்கு வந்தாலும் 4 போடுங்கள். ஒருமுறை அலமாரிகளைக் கழற்றிய கை, இரண்டாம் முறை கழற்றத் துணியாது. பேட்டரியிலிருந்து நேரடியாக எடுப்பதை, ஓடும் வண்டியில் குளிர்பெட்டி வேண்டியவர்களுக்கும் 10 ஆம்பியரைத் தாண்டுகிறவர்களுக்கும் மட்டுமே சொல்வேன். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தைப் பற்றிச் சிறிது ஐயம் இருந்தாலும் அந்த ஒரு பகுதியை மின்பணியாளரிடம் விடலாம்.

எந்த வழியில் பொருத்தினாலும் கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. கேரவனை வெளி மின்சாரத்திலிருந்து துண்டித்து, சோலார் இருந்தால் அதையும் அணைத்து, நீங்கள் பயன்படுத்தப்போகும் மிகப் பெரிய பொருளைச் சாக்கெட்டில் ஓடவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளில் ஒருமுறையும் சாக்கெட்டின் பின்முனைகளில் ஒருமுறையும் அளந்து பாருங்கள். வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கம்பி மெல்லியது அல்லது ஏதோ ஓர் இணைப்பு சரியில்லை. அரை மணி நேரம் கழித்துச் செருகியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், ஆனால் விரலை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால், பலகையை மூடும் முன் அந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட வேண்டும்.